சொந்தமில்லாத சரக்கு: கலாபகோஸ் கப்பல்கள் கற்றுத்தரும் வியாபாரப் பாடம்



வட்டகொடை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு என்னைக் கடைக்குள் அழைத்து உட்கார வைத்தார். பக்கத்தில் அவருடைய தங்கையின் மகன் நின்றுகொண்டிருந்தார்.

"இவன் தெற்குப் பக்கம் போய், திமிங்கிலம் காட்டுற போட்டுல பங்கு போடப் போறானாம். பதினைந்து இலட்சம். உம்மாவுட காணியை வித்த காசு. நீங்க பேப்பர்ல எழுதுற ஆள்தானே தம்பி, கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

மருமகனும் விடுகிற மாதிரி இல்லை. "மாமா, சீசன்ல ஒரு போட்டுல ஐம்பது பேர் ஏறுறாங்க. நாம ஒரு கிலோ சீனி வித்தா என்ன மிஞ்சுது? அங்க சரக்குக்குக் காசே இல்ல. கடல்ல சும்மா நிக்குது."

பெரியவர் சிரித்தார். "சீனி மூட்டை என்ட கடையில இருக்கு மகன். முடிஞ்சா ஹோல்சேல் கடையில இருக்கு. அந்த மீன் யாருட ஸ்டோர்ல இருக்கு?"

பெரியவர் இதை விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதுவே இந்த வாரப் பாடமாக அமைகிறது.

சரக்கு இல்லாத வியாபாரமா?

நமக்குத் தெரிந்த வியாபாரத்தில் மூன்று படிகள் உண்டு. சரக்கை வாங்குகிறோம், பத்திரமாக வைக்கிறோம், விற்கிறோம். வாங்கிய விலை நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எலி கடித்தால் நமக்கு நட்டம். அதனால் நாமே காவல் காக்கிறோம்.

காட்டு விலங்கையும் கடல் பிராணியையும் காட்டிப் பிழைக்கும் தொழிலில் முதல் இரண்டு படிகளும் இல்லை. போட்டுக்கும் டீசலுக்கும் ஆட்களின் சம்பளத்துக்கும் லைசன்ஸுக்கும் பணம் போடுகிறோம். திமிங்கிலத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. அதனால் கணக்கில் அதன் விலை பூச்சியம். இலாபம் பெரிதாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம், ஆபத்து ஒளிந்திருப்பதும் அங்கேதான். சொந்தக்காரன் இல்லாத சரக்கைக் காவல் காக்க யாருக்கும் மனம் வருவதில்லை. "நான் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுப்பான்" என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

இந்த எண்ணத்தால் ஒருமுறை அழிவைக் கண்டு, பிறகு சட்டம் போட்டுத் தொழிலை நிமிர்த்திய ஓர் இடம் உலகில் உண்டு. அதன் கதையை முதலில் பார்ப்போம்.

ஆமையைத் தின்று தீர்த்த காலம்

தென் அமெரிக்காவிலுள்ள எக்குவடோர் நாட்டின் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோ மீட்டர் மேற்கே, பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் கலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நம் நாட்டின் முழு நீளத்தையும் எடுத்தால்கூட, அந்தத் தூரத்தில் பாதிக்கும் குறைவுதான். கடலுக்கடியில் எரிமலைகள் வெடித்து, குழம்பு இறுகி உருவான தீவுகள் அவை. சில எரிமலைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இராட்சத ஆமைகள், கடலில் நீந்தி உண்ணும் உடும்புகள், பறக்க முடியாத நீர்க்காகங்கள் என்று வேறெங்கும் காணாத பிராணிகள் அங்கே வாழ்கின்றன. 1835ஆம் ஆண்டு சார்ள்ஸ் டார்வின் பீகிள் என்ற கப்பலில் அங்கே போனதால் அத்தீவுகளின் பெயர் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் அதற்கு முன்பிருந்தே திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே போய்வந்தன. கப்பல்காரர்களுக்கு அந்த ஆமை ஒரு அற்புதமான சரக்கு. சுமார் ஒரு வருடம் உணவும் தண்ணீரும் இல்லாமல் கப்பலின் அடித்தளத்தில் உயிரோடு கிடக்கும். ஐஸ் இல்லாத காலத்தில் அது கெடாத இறைச்சி. விலையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. இப்படி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் தீவுகளிலிருந்து குறைந்துபோயின என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். போதாததற்கு, கப்பல்காரர்கள் இறைச்சிக்காக விட்டுச்சென்ற ஆடுகள் பெருகி, மிஞ்சிய ஆமைகளின் தீனியையும் மேய்ந்து தீர்த்தன. அந்த ஆடுகளை ஒழிக்க 1997 முதல் 2006 வரை தனியாக ஒரு திட்டமே நடத்த வேண்டியிருந்தது. பின்டா என்ற தீவின் ஆமை இனத்தில் கடைசியாக எஞ்சிய ஆண் ஆமைக்குத் "தனித்த ஜோர்ஜ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். 2012ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி அதுவும் இறந்தது. அதோடு அந்த இனமே முடிந்தது.

ஆமையை எடுத்த ஒவ்வொரு கப்பல் தலைவரும் தன் கணக்கில் சரியாகத்தான் நடந்தார் என்பதைக் கவனியுங்கள். எல்லோருடைய கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாததுதான் அங்கே குறை.

கப்பலுக்குக் கடிவாளம்

1959ஆம் ஆண்டு எக்குவடோர் அரசு அத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் சுமார் 97 வீதம் பூங்காவுக்குள் வந்தது. 1978இல் யுனெஸ்கோ தன் முதலாவது உலக மரபுரிமைப் பட்டியலில் அதைச் சேர்த்தது. 1998இல் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது, சுற்றியுள்ள கடலும் ஒதுக்குப் பிரதேசமாயிற்று.

மக்கள் குடியிருக்கும் தீவுகள் சிலவே. மற்றத் தீவுகளில் இரவு தங்க ஹோட்டல் கிடையாது. அதனால் பயணிகள் கப்பலிலேயே சாப்பிட்டு, கப்பலிலேயே தூங்கி, பகலில் சிறு படகில் கரைக்குப் போய்ப் பார்த்துத் திரும்புகிறார்கள். இந்தக் கப்பல் தொழிலுக்கு அரசு போட்டிருக்கும் கடிவாளங்களை வியாபாரியின் கண்ணோடு பாருங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. 16 பேர் மட்டுமே போகும் சிறு கப்பல்கள் பல. ஒரே கப்பல் அதே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் மீண்டும் வராதபடி பயணப் பாதையையும் பூங்கா நிர்வாகமே வகுத்துக் கொடுக்கிறது.

இரண்டாவது, வழிகாட்டி. 16 பேருக்கு ஒருவர் வீதம் பூங்காவின் அனுமதிப் பத்திரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் கரையில் கால் வைக்க முடியாது. பிராணியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தீனி போடக் கூடாது. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது.

மூன்றாவது, கட்டணம். வெளிநாட்டார் பூங்காவுக்குள் நுழையச் செலுத்திய 100 டொலர், 2024 ஆகஸ்ட் 1ஆம் திகதி 200 டொலராயிற்று. கிடைக்கும் பணம் பூங்காவுக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கும் காவல் வேலைகளுக்கும் பிரிகிறது. அதாவது, நம் கணக்கில் பூச்சியமாக இருந்த சரக்குக்கு அங்கே ஒரு விலை எழுதிவிட்டார்கள்.

இத்தனை கட்டுப்பாடு வந்தால் தொழில் படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. கூட்டம் இல்லாத கரையில், விஷயம் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே மக்கள் பெரும் பணம் கொடுத்துப் போகிறார்கள். கட்டுப்பாடே அந்தத் தொழிலின் பெயராகிவிட்டது.

ஆனால் அங்கேயும் எல்லாம் சரியென்று சொல்ல வரவில்லை. பயணிகளும் குடியேறுவோரும் வெளியிலிருந்து வந்த செடிகளும் பூச்சிகளும் பெருகியதால் 2007இல் யுனெஸ்கோ அத்தீவுகளை ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் வைத்தது. 2010இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. கப்பல்களுக்குப் பூட்டுப் போட்டவர்கள் கரையிலுள்ள ஹோட்டல் வாசலை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். கூட்டம் அந்த வழியால் வளர்ந்தது. முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கடை மாதிரி.

நம் நாட்டுக் கடல்

நம் நாட்டில் எரிமலைத் தீவு இல்லை. ஆனால் எரிமலைத் தீவுக்காரரும் பொறாமைப்படும் சரக்கு நம் தெற்குக் கடலில் இருக்கிறது. மிரிஸ்ஸவுக்கும் தேவேந்திரமுனைக்கும் அப்பால் கரையோர ஆழமற்ற கடல் மிகக் குறுகியது. கொஞ்ச தூரம் போனதும் கடல் பாதாளமாகிவிடுகிறது. அதனால் உலகின் மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கிலம் கரைக்குப் பக்கத்திலேயே வருகிறது. காலையில் போய்ப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே சீசன். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். இந்தத் திமிங்கிலங்களைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுப் பெண்மணியான கடலியல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ்.

யுத்தம் முடிந்த பின் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. வளர்ந்த வேகத்தில் நெரிசலும் வந்தது. திமிங்கிலம் மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். அந்தச் சில நிமிடத்தில் பல போட்டுகள் நாலா பக்கமும் சூழ்ந்தால், அது மூச்சையும் இரையையும் பாதியில் விட்டு மூழ்குகிறது. இதைத் தடுக்க 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் வர்த்தமானியில் வெளிவந்தன. திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. விதி காகிதத்தில் இருக்கிறது. கடலில் அது எவ்வளவு நடக்கிறது என்பதுதான் பணம் போடுபவர் பார்க்க வேண்டியது.

இன்னொன்றையும் கேளுங்கள். அதே கடல் வழியாகத்தான் உலகின் பெரும் சரக்குக் கப்பல்கள் போகின்றன. அவற்றில் அடிபட்டுத் திமிங்கிலங்கள் சாகின்றன. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தன் கப்பல்களை வழமையான பாதைக்குச் சுமார் 15 கடல் மைல் தெற்காகப் போகும்படி பணித்தது. சட்டம் கட்டாயப்படுத்தி அல்ல, தானாகவே செய்தது. திமிங்கிலம் காட்டுவது தொழிலாக இல்லாத நிறுவனம் அது. அதை வைத்தே சாப்பிடுகிறவர்கள் 100 மீட்டர் விலக முடியாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பயணத்துக்கு போட்டின் செலவு 1 இலட்சம் ரூபா. ஒரு சீசனில் 100 பயணங்கள்.

முதலாமவர் 50 பேரை ஏற்றி ஆளுக்கு 4,000 ரூபா எடுக்கிறார். பயணத்துக்கு 2 இலட்சம் வருமானம், 1 இலட்சம் இலாபம். சீசனுக்கு 1 கோடி.

இரண்டாமவர் 25 பேரை மட்டும் ஏற்றி, நல்ல வழிகாட்டி ஒருவரையும் வைத்து, ஆளுக்கு 7,000 ரூபா எடுக்கிறார். வழிகாட்டியின் சம்பளமும் அந்த 1 இலட்சத்துக்குள் அடங்கும் என்று வையுங்கள். வருமானம் 1,75,000. இலாபம் 75,000. சீசனுக்கு 75 இலட்சம்.

முதல் இரண்டு வருடமும் முதலாமவர்தான் கெட்டிக்காரர். மூன்றாம் வருடம், "ஒரே நெரிசல், ஒன்றும் பார்க்கவில்லை" என்ற பேச்சு பரவி அவருக்கு 30 பேர்தான் வருகிறார்கள் என்று வையுங்கள். வருமானம் 1,20,000. இலாபம் 20,000. சீசனுக்கு 20 இலட்சம். ஐந்து வருடத்தைக் கூட்டினால் முதலாமவருக்கு 2 கோடி 60 இலட்சம், இரண்டாமவருக்கு 3 கோடி 75 இலட்சம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டாமவர் மட்டும் ஒழுங்காக நடந்து, மற்ற இருபது பேரும் துரத்தினால் திமிங்கிலம் யாருக்காக நிற்கப்போகிறது? நல்லவரும் சேர்ந்துதான் நட்டப்படுவார். நம் கடையை நாம் ஒருவராகவே நேர்மையாக நடத்தலாம். பொதுச் சரக்கை ஒருவராகக் காக்க முடியாது. எல்லோரையும் கட்டும் விதியும், அதை நடத்திக் காட்டும் சங்கமோ அதிகாரியோ வேண்டும். ஆகவே பணம் போடுமுன் போட்டின் எஞ்சினைப் பார்ப்பதைவிட, "இங்கே மறுக்கிற ஆள் யார்?" என்று பார்ப்பதுதான் முக்கியம். அதுவே இந்தப் பாடத்தின் சாரம்.

மலையகத்தில் இருக்கும் நமக்கென்ன?

கடல் எங்கோ, நாம் எங்கோ என்று இருந்துவிட முடியாது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவே வட்டகொடையைத் தாண்டிப் போகும் ரயிலில் ஜன்னலோரம் நின்று படம் எடுக்கும் வெள்ளைக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் பார்க்க வருவதும் யாருக்கும் தனிச் சொந்தமில்லாத சரக்குத்தான். மலை, மூடுபனி, நீர்வீழ்ச்சி, ஹோட்டன் சமவெளியின் மரைகள், தேயிலைக்குள் நடமாடும் சிறுத்தை.

ஹோட்டன் சமவெளியில் பயணிகள் போட்ட தீனிக்குப் பழகிய மரைகள் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. அந்தத் தீனி ஏதோ ஒரு டவுனிலுள்ள கடையில் வாங்கியதுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தும் பிழைக்கவில்லை. நாட்டில் மிக அரிதாகக் காணப்பட்ட பிராணி. சுருக்குப் போடுகிறவர் பன்றிக்காகத்தான் போடுகிறார். கம்பியும் பழைய பிரேக் கேபிளும் எங்கிருந்து போகின்றன? ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் சகோதரர்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உல்லாசப் பயணிகளை நம்பிய தொழில் ஒரே நாளில் நின்றுவிடும். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டுக்கு வந்தார்கள். 2019இல் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் டீசல் வரிசை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மண்சரிவுகளில் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே வேன் ஓட்டுங்கள், அறை வாடகைக்கு விடுங்கள், தேயிலைப் பக்கெட் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தோட்டத்து மக்களுக்குச் சீனியும் பருப்பும் கொடுக்கும் கடையை மூடிவிட்டு அதில் இறங்காதீர்கள். அகலக் கால் வைத்தால் ஆழம் தெரியாது.

பணம் போடுமுன் ஐந்து கேள்விகள்

1. இந்தத் தொழில் எந்தச் சரக்கை நம்பி நிற்கிறது? அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

2. எத்தனை பேர் இதில் இறங்கலாம் என்று வரம்பு இருக்கிறதா? இல்லையென்றால், இன்று இருப்பதைப் போல இரண்டு மடங்கு பேர் வந்தபின் என் கணக்கு எப்படியிருக்கும்?

3. விதியை மீறியவருக்கு இங்கே கடைசியாக என்ன நடந்தது?

4. வருமானத்தில் எவ்வளவு அந்தச் சரக்கைக் காப்பதற்குத் திரும்பிப் போகிறது?

5. ஒரு முழு வருடம் ஒருவரும் வராவிட்டால் கடன் தவணையை எதிலிருந்து கட்டுவேன்?

இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி அந்த மருமகனின் கையில் கொடுத்தேன். "பங்குக்காரரா போகாதீங்க, டிக்கெட் எடுத்துப் பயணியா ரெண்டு தரம் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து அதே கடையில் அவரைச் சந்தித்தேன். தராசுக்குப் பின்னால் நின்றார். "ஒரு மீனைச் சுத்திப் பதினொரு போட்டு மாமா" என்று பெரியவரிடம்தான் முதலில் சொன்னாராம். 100 மீட்டர் விதியைப் பற்றிக் கேட்டதற்குப் போட்டில் இருந்த பையன் சிரித்துவிட்டு எஞ்சினைக் கூட்டினானாம். மூன்றாவது கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. பணத்தை அவர் இன்னும் போடவில்லை. "சட்டம் ஒழுங்கா நடக்கட்டும், அப்ப பார்ப்பம்" என்றார்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றச் சொல்லிவிட்டு, வந்தவருக்குச் சீனி நிறுத்துக் கொடுத்தார்.

நண்பர்களே, இந்த வாரம் உங்கள் தொழிலையும் இந்த ஐந்து கேள்விகளால் நிறுத்துப் பாருங்கள். உங்கள் ஊரின் ஆறும் பாதையும் பஸாரின் சுத்தமும்கூடச் சொந்தமில்லாத சரக்குகள்தான். அவை உங்களிடம் விடப்பட்ட அமானிதம். வட்டகொடைக்கும் அது பொருந்தும், உங்கள் டவுனுக்கும் பொருந்தும்.